குசினிக் குழாய்

மங்களேஸ்வரி கட்டிலின் விளிம்பில் அமர்ந்து சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பால், குசினியில், குழாய் வேலைக்காரன் பைப் பாஸ் ஸுஹைல் ஒழுகும் குழாயைச் சரிசெய்கிறான். வேலை முடியும்வரை வீட்டுக்காரர் வேறு அறையில் இருக்கவேண்டும், ஜன்னலெல்லாம் திறந்திருக்கவேண்டும், கொரோனாவுக்கு அதுதான் சட்டம் என்று தன் ஊரான உக்குவளையிலிருந்து போனிலேயே சொல்லிவிட்டான். ஊரடங்கு தொடங்கிய பிறகு அவள் தனியாக இருக்கும் இந்த வீட்டுக்குள் கால்வைத்த முதல் ஆள் அவன். அவன் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. திறந்த ஜன்னல் வழியே சாரல் வந்து திரைச்சீலையை நனைக்கிறது. "தம்பி, மேசையில பிளேன்டீ வச்சிருக்கேன். கருப்பட்டியும் இருக்கு." "உள்ளுக்கு மாஸ்க்கக் கழட்டக் கூடாதும்மா. கோவிச்சுக்காதீங்க." "பேசிக்கிட்டாச்சும் வேலை செய்யலாம்ல?" ஸ்பேனரின் சத்தம் நிற்கிறது. "அதுக்குத் தடையில்லம்மா. ஆனா என்னத்தப் பேசுறது?" ஸ்பேனர் மறுபடி சத்தமிடுகிறது. பிறகு அவனே ஆரம்பிக்கிறான். "இப்ப பழைய வாஷரக் கழட்டுறேன். இப்ப புதுசப் போடுறேன். இப்ப இறுக்குறேன்." அவன் எதிரில் நிற்பதுபோல ஒவ்வொன்றுக்கும் அவள் தலையாட்டுகிறாள். "இப்ப நான் போறேம்மா."

கேட் சாத்தும் சத்தம் கேட்டபின் கதவைத் திறக்கிறாள். குழாய் சொட்டவில்லை. தட்டில் கருப்பட்டித் துண்டைக் காணோம். பிளேன்டீ மட்டும் அப்படியே ஆறிக் கிடக்கிறது. நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, கோப்பையைக் கையில் எடுக்கிறாள். "இப்ப டீ குடிக்கிறேன்" என்கிறாள், அடுத்த அறைக்கும் கேட்கும்படி.