எந்தத் தரத்துப் பிள்ளை?

“மார்கிறட் டீச்சரை விட்டுத்தர ஏலா சேர். வேணுமெண்டா என்னை மாத்துங்க.”

அதிபர் வினாயகமூர்த்தி இப்படிச் சொன்னதும், தேநீர்த் தட்டோடு வந்த பிரதி அதிபர் யோகராசா வாசலிலேயே நின்றுவிட்டார். ‘பிரம்பு இருக்கிற பள்ளிக்கூடத்தில் ஆலோசனை எதற்கு’ என்று ஆறு வருடமாகச் சொல்லிவந்த மனிதர் இந்த அதிபர். ஆலோசனை அறைக்குள் பாண்ட் மேளங்களையும் கால் உடைந்த மேசைகளையும் அடுக்கியவரும் இவர்தான். டெங்கு ஒழிப்பு, விளையாட்டுப் போட்டிக்கு மாலை கட்டுவது, வராத ஆசிரியர்களின் வகுப்பைப் பார்ப்பது என்று ஆள் கிடைக்காத வேலைக்கெல்லாம் ஆலோசனை ஆசிரியரான மார்கிறட் டீச்சரைப் பிடித்துப் போட்டவரும் இவரேதான்.

இந்தப் பள்ளித் தவணையில் என்ன நடந்ததோ, மேளங்கள் மேடைக்குப் பின்னால் போயின. ஆலோசனை அறைக்கு முதன்முறையாக ஒரு கதவு வந்தது.

வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்திருந்த பிரதிப் பணிப்பாளர் றொனால்ட் மணிக்கூட்டைப் பார்த்தார். மண்டூர்த் துறையில் பன்னிரண்டு மணிப் பாதைப் படகில் ஜீப்பை ஏற்றி வாவியைக் கடந்தால்தான் அவருக்கு வீட்டுச் சாப்பாடு.

“இஞ்ச பாருங்க அதிபர். டீச்சர் விஞ்ஞானப் பட்டதாரி. அக்கரையில ரெண்டு பள்ளிக்கூடத்தில விஞ்ஞானத்துக்கு ஆளில்ல. இவ இஞ்ச கதவைச் சாத்திப்போட்டுப் புள்ளயளோட கதைச்சிக்கொண்டிரிக்கா. இதெல்லாம் ஒரு வேலையா?”

“அவ கதைக்கிறல்ல சேர். கேக்கிறா.”

“கேக்கிறதுக்கு ஒரு டீச்சரா?”

“சொல்லுறதுக்கு முப்பத்திரெண்டு பேர் இரிக்கம் சேர். கேக்கிறதுக்கு ஒராளாவது வேணாமா?”

யோகராசா தட்டை மேசையில் வைத்தார். பாதித் தேநீர் கோப்பைத் தட்டில் சிந்திக் கிடந்தது.

றொனால்ட் ஒரு படிவத்தை விரித்துப் பேனாவால் தட்டினார். “எனக்குக் கதை வேணாம். இவவால பெறுபேறு எத்தினை வீதம் கூடினது? இதில ஒரு கட்டம் இரிக்கி. அதை நிரப்பாமப் போனா மேல இருந்து என்னைக் கேப்பாங்க.”

வீதத்துக்கு வினாயகமூர்த்தி எங்கே போவார்? இந்த ஆள் படிவத்தை மூடிக்கொண்டு எழும்பினால் திங்கட்கிழமை டீச்சர் அக்கரையில் நிற்பார்.

“வீதம் தெரியா சேர். ஒராளைப் பத்திச் சொல்லுறன், கேளுங்க.”

“கெதியாச் சொல்லுங்க.”

“ஆளைப் பாத்தா முரடு. கோவம் வந்தா வாய்க்கு முதல் கை நீளும். வீட்டில ஒருத்தரோடயும் பேச்சில்ல. தனியச் சாப்பாடு. நித்திரையும் இல்ல. பள்ளிக்கூடம் விட்டாலும் வீட்ட போக மனம் வராம இஞ்சயே சுத்திச் சுத்தி நிக்கிறது. அந்த எரிச்சலையெல்லாம் அடுத்த நாள் கொண்டுவந்து சின்னப் புள்ளயளில தீர்க்கிறது.”

றொனால்டின் பேனா நின்றது. “பிறகு?”

“டீச்சர் ஒருநாள் கூப்பிட்டு இருத்தினா. புத்தி ஒண்டும் சொல்லல்ல. ‘என்ன நடந்த’ எண்டு மட்டும் கேட்டா. அவ்வளவுதான் சேர். அரை மணித்தியாலம் ஒரே அழுகை.”

அதிபர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

“மூணு மாசமாகுது. இண்டைக்கு வரைக்கும் ஒரு புள்ளயில கை வெச்சதில்ல. மணி அடிச்சா வீட்ட போறது. கொஞ்சம் நித்திரையும் வருது. இப்ப டீச்சரை எடுத்தீங்கெண்டா எல்லாம் பழையபடி போயிரும்.”

றொனால்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாவம். எந்தத் தரத்துப் புள்ள? பத்தா, பதினொண்டா?”

“சொல்ல ஏலா சேர். இரகசியம்.”

“எனக்குமா?”

“கல்வி மந்திரி கேட்டாலும் சொல்லக்கூடா சேர். ஆலோசனையில அதுதான் முதலாவது.”

றொனால்ட் தலையை ஆட்டினார். ஓராளில் ஓராள் திருந்தியிருப்பதால், கட்டத்தில் ‘நூறு வீதம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

“டீச்சர் இஞ்சயே இருக்கட்டும். ஆலோசகருக்காக இப்பிடி வாதாடின அதிபரை நான் இதுவரைக்கும் காணல்ல. அடுத்த மாசம் மட்டக்களப்பில கருத்தரங்கு இரிக்கி. ‘மாணவர் வெற்றியில் ஆலோசகரின் பங்கு.’ நீங்கதான் பிரதான பேச்சாளர்.”

“டீச்சரையும் கூப்பிடுவீங்கதானே சேர்?”

“கட்டாயம். வாசல்ல நிண்டு வாறாக்களுக்குச் சந்தனம் குடுக்க ஆள் வேணுமே.”

ஜீப் படலையைத் தாண்டும் வரை வினாயகமூர்த்தி கைகூப்பியபடி நின்றார். பிறகு நேராக ஆலோசனை அறைக்கு நடந்தார். மார்கிறட் டீச்சர் தன் புத்தகங்களை ஒரு மட்டைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“கட்டத் தேவல்ல டீச்சர். நீங்க இஞ்சதான்.”

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார்.

வினாயகமூர்த்தி கதவைச் சாத்திவிட்டு, மாணவர்கள் உட்காரும் கதிரையில் உட்கார்ந்தார்.

“சரி, சொல்லுங்க சேர்,” என்றார் டீச்சர் மெதுவாக. “உங்கட மகன் தனோஜனை முந்தி அடிச்சதுக்கு அவனிட்ட மன்னிப்புக் கேக்கிறெண்டு போன கிழமை சொன்னீங்க. கேட்டீங்களா?”