இரண்டாம் முறை கேட்டபோது

"போன மாசத்துல உங்க வீட்டுல யாராவது குடிச்சிட்டு வண்டி ஓட்டுனாங்களாக்கா?"

அழகுராணி தலையை லேசாகத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள். வாசலில் நின்ற பெண் அதே கேள்வியை மறுபடி கேட்டாள்.

அழகுராணிக்கு முதல் தடவையே புரிந்திருந்தது.

ஒரு வருஷத்துக்கு முன்பும் இதே பெண்தான் வந்தாள். ஜெனிபா. மதுரையில் ஏதோ தொண்டு நிறுவனமாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைக் குறைக்க ஊரில் நிகழ்ச்சிகள் நடத்தப்போகிறோம், அதற்கு முன்னால் ஒரு தடவை, முடிந்தபின் ஒரு தடவை வீடு வீடாகக் கேட்போம், குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம் என்றாள். யார் பேரும் வெளியே வராது என்றாள்.

அழகுராணி உள்ளதைச் சொன்னாள். வீட்டுக்காரர் தினமும்தான் ஓட்டுகிறார். பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிவரும்போதும்.

சொன்னதும் நெஞ்சு லேசானது. கேட்க ஓர் ஆள் வந்ததே பெரிது.

பேர் வெளியே வரவில்லைதான்.

ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் நடந்த முதல் கூட்டத்தில், இந்தத் தெருவில் பாதி வீடுகளில் இப்படி என்று மைக்கில் சொன்னார்கள். அவ்வளவே. அன்றைக்குத் தெருவின் ஆண்கள் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "நீயா சொன்ன?"

அவள் புருஷன் செல்லப்பாண்டியும் கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

இடது காதில் அன்று தொடங்கிய இரைச்சல் இன்னும் நிற்கவில்லை.

பிறகு வீதி நாடகம் போட்டார்கள். கோயில் முன்னால் உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். முதல் ஆளாகக் கையை நீட்டியவன் செல்லப்பாண்டி. நீட்டிய கையோடு கடைக்குப் போனான்.

இப்போது உள்ளே கட்டிலில் கிடக்கிறான். மத்தியானமே ஊற்றிக்கொண்டு வந்தாயிற்று. இவ்வளவு நேரம் கேட்ட குறட்டை நின்றுவிட்டது.

"இல்லம்மா" என்றாள். "இப்பல்லாம் அந்தப் பழக்கமே இல்ல."

ஜெனிபாவின் முகம் மலர்ந்தது. செல்போனில் எதையோ தொட்டாள்.

"இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் இதே பதில்தான்க்கா. நாங்களே இவ்வளவு எதிர்பார்க்கல."

எல்லா வீட்டிலும்.

அழகுராணி நிமிர்ந்து பார்த்தாள். எதிர்வீட்டு வாசலில் நின்றவள் சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பஸ் போயிருச்சு போலக்கா" என்றபடி ஜெனிபா கிளம்பினாள்.

அப்போதுதான் செல்லப்பாண்டி வெளியே வந்தான். சட்டை மாற்றியிருந்தான். தலையில் நிகழ்ச்சியில் கொடுத்த ஹெல்மெட். அதன் கண்ணாடியை முகத்துக்கு இறக்கிவிட்டிருந்தான்.

"மெயின் ரோட்டுல விட்டுர்றேன். ஏறும்மா."

ஜெனிபா ஹெல்மெட்டைப் பார்த்தாள். தான் நட்ட செடி பூத்ததைப் பார்ப்பவள்போலச் சிரித்தாள்.

அழகுராணி படியிலிருந்து இறங்கினாள். வாயைத் திறந்தாள்.

கண்ணாடி அவள் பக்கம் திரும்பியது.

ஜெனிபா ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பும்போதே ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"கெட்டியாப் பிடிச்சுக்கம்மா."

அழகுராணிக்கு அவ்வளவுதான் வாயில் வந்தது.

"சரிக்கா!" என்று திரும்பிப் பார்த்த ஜெனிபா, பிடியை விட்டுவிட்டுக் கை அசைத்தாள்.