மூன்று பேருக்கு மட்டும்

"ரோசியோ, தம்பியை இழுத்துட்டு உள்ள போ. வீட்டு ஓனர் வர்றாரு."

அம்மா நெல்லி சொல்லி முடிப்பதற்குள், பத்து வயது ரோசியோ ஐந்து வயது ஜோயலோடு துணி அலமாரிக்குள் புகுந்துவிட்டாள். பழகிய வேலைதான். வழக்கமாகக் கிழவர் சொல்லிவிட்டு வருவார். பனி கொட்டிப் பள்ளிக்கூடம் மூடிய நாளாகப் பார்த்து, இன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

நியூயார்க்கின் குவீன்ஸில் அந்த ஒற்றை அறை கிடைத்ததே பெரும்பாடு. அப்பா, அம்மா, கைக்குழந்தை, மூன்றே பேர் என்று சொல்லித்தான் பிடித்தார்கள். "அதுக்கு மேல ஆள் இருக்கறது எனக்குத் தெரிஞ்சா, காலி பண்ணச் சொல்லித்தான் ஆகணும். சட்டம் அப்படி," என்று வீட்டு ஓனர் கிழவர் தோன் அமதோர் அன்றே கறாராகச் சொல்லிவிட்டார். அதற்கு அப்புறம்தான், சொந்த நாடான எக்குவடோரில் அத்தை வீட்டில் விட்டிருந்த இந்த இரண்டும் வந்து சேர்ந்தன.

"ஹீட்டர் ஒழுகுதுன்னியே தாயி, பார்த்துடலாம்னு வந்தேன்."

ஹீட்டர். ரோசியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் பனியில் ஆடி நனைத்த இரண்டு ஜோடி ஷூவும் அறையைச் சூடாக்கும் அதன் மேல்தான் காய்ந்துகொண்டிருந்தன.

காலடிகள் ஹீட்டர் பக்கம் போய் நின்றன. பிறகு கிழவர் தொண்டையைச் செருமுவதும், ஸ்பானர் திருகும் சத்தமும் கேட்டன. ஷூவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அக்கா, மூச்சு முட்டுது," என்று ஜோயல் கிசுகிசுத்தான். அவன் வாயைப் பொத்தினாள். ஆனாலும் அவன் தும்மிவிட்டான்.

அம்மா அவசரமாக இருமினாள்.

"சளியா தாயி? சுடுதண்ணி குடி." காலடிச் சத்தம் அலமாரியை நெருங்கியது. "இதுக்குள்ள காத்தே போகாது போலிருக்கே. கதவுல ஓட்டை போட்டுத் தர்றேன்."

"வேணாங்க. உள்ள வெறும் துணிதான்," என்றாள் அம்மா.

"துணின்னாலும் காத்து வேணும்ல? பூஞ்சை புடிச்சிடும்." கதவை இரண்டு முறை தட்டினார். "துணியெல்லாம் பின்னாடி தள்ளித்தானே இருக்கு? பட்டுடக் கூடாது," என்றார் உரக்க.

ரோசியோ தம்பியை அணைத்துக்கொண்டு பின்பலகையோடு ஒட்டி நின்றாள். இந்தக் குளிரில் எல்லோரும் எங்கே போவது? தன் ஷூவால்தானே இந்த வினை என்று அழுகை முட்டியது. டிரில்லிங் மெஷின் இரண்டு தடவை உறுமி ஓய்ந்தது.

வெளிச்சமும் காற்றும் உள்ளே வந்தன. ஒரு ஓட்டை சரியாக அவள் முகத்துக்கு நேரே இருந்தது. இன்னொன்று ஓரடி கீழே, ஜோயலின் மூக்குக்கு நேரே.

கண்ணை வைத்துப் பார்த்தாள். கிழவர் வாசலில் நின்று தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் வந்து இன்னும் கொஞ்சம் மேல போட்டுத் தர்றேன் தாயி," என்றார். "துணிதானே, வளரும்."