பாதியில் போன மைக்

“எல்லாரும் எழுந்து நில்லுங்க. இந்த வருஷம் நம்மை விட்டுப் பிரிஞ்சவங்களுக்கு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி.”

பீர்க்கன்கரணையில் காலனி ஆண்டு விழா. மைக் பிடித்து நடத்தும் ரோஹிணிக்கு இதுதான் முதல் மேடை. கையிலிருந்த பேப்பரைப் பார்த்துப் படித்தாள்.

“மூணாவது குறுக்குத் தெரு, பதினாறாம் நம்பர் வீடு, திரு. சுப்ர...”

டொப்! மைக் போய்விட்டது.

அப்போதுதான் பேப்பரின் தலைப்பு அவள் கண்ணில் பட்டது.

‘பொன்னாடை பெறுவோர்.’

ரோஹிணிக்குக் குப்பென்று வியர்த்தது.

முன் வரிசையில் எண்பது வயது சுப்ரமணியன், பட்டு வேட்டி சரசரக்க, கண்ணை மூடிக்கொண்டு தனக்குத்தானே மௌன அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தார். நல்லவேளை, காது கொஞ்சம் மந்தம். ஆனால் அவர் மனைவி சுந்தரவல்லிக்கு மந்தமில்லை.

“பதினாறு நம்ம வீடாச்சே?” என்று அவர் மேடையை நிமிர்ந்து பார்ப்பதற்குள், பின்னாலிருந்து ஒரு கத்தல்.

“எட்மண்ட்! என்னய்யா மைக் செட் இது? பேசுறதுக்கா, அழகுக்கு வெச்சிருக்கியா?”

சங்கச் செயலாளர் ஜெயகிருஷ்ணன். கூட்டம் மொத்தமும் பின்னால் திரும்பியது.

“சார், ஒரு நிமிஷம் சார்...” எட்மண்ட் குனிந்து ஒயரைத் துழாவினார்.

“என்ன ஒரு நிமிஷம்? தெருவுல காய்கறி விக்கிறவங்க ஸ்பீக்கரே இதைவிட நல்லாப் பேசுது! உன்னை யாருய்யா கூப்பிட்டது?”

“நீங்கதான் சார்.”

நாலு பேர் சிரித்தார்கள். ஜெயகிருஷ்ணன் இன்னும் எகிறினார். சுந்தரவல்லி வேடிக்கை பார்க்க நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ரோஹிணி அவசரமாகக் கோப்பைப் புரட்டி, அஞ்சலிப் பட்டியலை உருவி எடுத்தாள்.

மைக் வந்தது.

“மன்னிக்கணும். பேப்பர் மாறிப்போச்சு, மறுபடி படிக்கிறேன்” என்றாள். இந்த முறை நிஜமாகவே போனவர்களின் பெயர்கள்.

அரை மணி நேரம் கழித்து சுப்ரமணியனுக்குப் பொன்னாடை போர்த்தும்போது, “நூறு வருஷம் நல்லா இருக்கணும் சார்” என்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவருக்கு ஒரே பெருமை.

விழா முடிந்ததும் நேராக எட்மண்டிடம் போனாள். அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, உங்க மைக் ரிப்பேரானது என் அதிர்ஷ்டம். ஆனா செக்ரட்டரி சார் அத்தனை பேர் முன்னாடி உங்களை அப்படிப் பேசினது மகா தப்பு. மனுஷனா அவர்? இப்பவே போய் நாலு வார்த்தை கேக்கப் போறேன்.”

எட்மண்ட் சிரித்தார்.

“மைக் எங்கம்மா ரிப்பேர் ஆச்சு? அந்த சார்தான் ஓடியாந்து ஒயரைப் புடுங்கினாரு. ‘எட்மண்டு, உன்னைக் கன்னாபின்னான்னு திட்டப்போறேன், மனசுல வெச்சுக்காத. அந்தப் பொண்ணு பேப்பரை மாத்துற வரைக்கும் ஒருத்தர் கண்ணும் மேடை பக்கம் போகக் கூடாது’ன்னாரு!”