சிவசங்கரின் கைராசி

மூன்றாவது முறையும் பில்டு பாதியிலேயே நின்றுபோனது.

"உங் கைல ராசியே இல்லம்மா. மூணு மணிக்குள்ள பில்டு வரலன்னா நாளைலேர்ந்து வூட்லயே இருந்துக்க" என்றார் முதலாளி பொன்னுரங்கம்.

லிடியாவுக்குக் கண் கலங்கியது. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று வீட்டில் வேறு சொல்லி வைத்திருந்தாள்.

எந்த வயலில் எந்த நாள் கரும்பு வெட்டு என்று தமிழில் சொல்லும் மென்பொருள் அது. எழுதி வைத்த நிரலையெல்லாம் ஒன்றாகக் கோத்து ஓட வைக்க வேண்டும்; அதுதான் பில்டு. மூன்று மணிக்குக் கச்சிராயபாளையத்து விவசாயிகள் பார்க்க வருகிறார்கள்.

சீனியர் சிவசங்கர் இருந்தால் கவலையே இல்லை. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லுவார். அதே கணினி, அதே நிரல், நாலு தட்டுத் தட்டுவார், முடிந்துவிடும். தட்டியது ஓர் எழுத்துகூடத் தெரியாமல் திரையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். முதலாளி தன் கையாலேயே டீ கொடுப்பார்.

இன்று அவர் கரியாலூரில், மச்சினன் கல்யாணத்தில். போனும் எடுக்கவில்லை.

பூசணிக்காய் சுற்றி உடைத்தாயிற்று. லிடியாவின் அம்மா ஜெபித்துக் கொடுத்த எண்ணெயைக் கீபோர்டில் தடவியும் ஆயிற்று. விரல் வழுக்கியதுதான் மிச்சம்.

கடைசியாக, கணினி இதுவரை வாங்கிய கட்டளைகளின் பட்டியலைத் திறந்தாள். திரையைத் துடைத்த மகானுபாவர் இதைத் துடைக்க மறந்திருந்தார்.

அவர் உட்கார்ந்த நாளிலெல்லாம் முதலில் ஒரே வரி: இந்த வேலை முடியும்வரை ஆங்கிலத்தில் பேசு.

அவ்வளவுதான் கைராசி!

இங்கே எல்லாக் கணினியும் தமிழில்தான் பேச வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். சுவரில் பெரிதாக எழுதியே ஒட்டியிருக்கிறார். பில்டோ நடுவில் கணினியை ஒரு கேள்வி கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் பதில் வரும் என்று காத்திருக்கிறது. தமிழில் பதில் வந்ததும் பேந்தப் பேந்த விழித்துப் படுத்துவிடுகிறது. தமிழ் மென்பொருளுக்கே தமிழ் புரியவில்லை.

லிடியாவுக்கு வயிறு எரிந்தது. இந்த மனுஷனுக்கா மூன்று மாதமாக டீ? முதலாளி வரட்டும், இந்தக் கைராசியைச் சந்தி சிரிக்க வைக்கிறேன் என்று கறுவினாள்.

அந்த வரியைத் தட்டினாள். இரண்டே நிமிடத்தில் பில்டு வந்துவிட்டது.

அவள் கூவிய சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். முகமெல்லாம் பல். கையில் டீ.

"இன்னாம்மா பண்ண?"

லிடியா அவசரமில்லாமல் திரையைத் துடைத்தாள்.

"கைராசிதாங்க சார்" என்று டீயை வாங்கிக்கொண்டாள்.