வறண்டிருக்க வேண்டிய குழாய்

சொல்லுக்கு முன்னே நின்று, சொல்லின் உள்ளே உறையும் பரம்பொருளின் திருவடி போற்றி.

பூங்கா இன்னும் பனிக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. மரங்கள் பாதி கரைந்தும் பாதி நின்றும் கனவில் கண்டவை போலிருந்தன. அந்த வெண்மைக்குள்ளிருந்து தண்ணீர் விழும் ஓசை வந்தது. சிற்பி திடுக்கிட்டாள்.

ஓர் ஓசைதான் கேட்டிருக்க வேண்டும். இரண்டு கேட்டன.

அவள் எழுப்பிய சிற்பம் எளியது. ஒரே கற்சுவரில் இரண்டு குழாய்கள். 'வெள்ளையருக்கு' என்ற பலகையின் கீழே தண்ணீர் ஓயாமல் ஓடும். 'கறுப்பருக்கு' என்ற பலகையின் கீழே, திருகினாலும் சொட்டு வராது. வெள்ளையர் குழாயைக் கறுப்பர் தொடக்கூடாதென்று சட்டம் இருந்த காலத்தில், அவளுடைய அப்பா சிறுவயதில் நா வறண்டு நின்ற குழாய் அது. ஒன்பது மணிக்கு நகரமன்றக் குழு வருகிறது. அவர்களுக்குப் பிடித்தால் சுவர் நிரந்தரமாக அங்கேயே நிற்கும், இல்லையேல் பெயர்த்துவிடுவார்கள்.

சுவரடியில் குழாய்க்காரர் மண்டியிட்டிருந்தார்.

"என்ன வேலை பண்ணி வச்சிருக்கீங்க? இதை அடைச்சே வைக்கணும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!"

"அடைச்சுத்தாம்மா வச்சிருந்தேன். நேத்து சாயங்காலம் திறந்துவிட்டுட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"நாப்பது வருஷமா, தண்ணி வரலைன்னுதான் திட்டு வாங்கியிருக்கேன். வருதுன்னு வாங்குறது இன்னிக்குத்தான்."

அவள் சிரிக்கவில்லை. அவருடைய வெள்ளைக்காரக் கைகளையே பார்த்தாள்.

"புரியுது. உங்க தாத்தா காலத்துப் பாவம் ஊர் நடுவுல நிக்குறது உங்களுக்குப் பொறுக்கலை. பூசி மெழுகப் பாக்குறீங்க."

"எங்க தாத்தா இந்த மாதிரிக் குழாய் போட்டவர்தாம்மா. அதுல பூசி மெழுக என்ன இருக்கு?"

"அப்போ ஸ்பேனரைக் குடுங்க. நானே அடைக்கிறேன்."

எடுத்துக் கொடுத்தார். அவள் குனிந்து வால்வைப் பற்றினாள்.

"நேத்து நீங்க கிளம்பினப்புறம் ஒரு பெரியம்மா வந்தாங்க. எண்பது வயசு இருக்கும். உங்க நிறம். மூச்சு வாங்க நின்னு பலகையைப் படிச்சாங்க. இந்தக் குழாயைத் திருகினாங்க. வரலை."

"அதுதானே வேணும்! பாக்குறவங்களுக்குச் சுருக்குன்னு தைக்கணும்."

"பக்கத்துக் குழாய்ல தண்ணி கொட்டுது. குடிங்கம்மான்னு கெஞ்சினேன். தொடவே இல்லை. சுத்துமுத்தும் பாத்துட்டு, மெதுவா என்கிட்ட, 'தம்பி, அந்தச் சட்டம் மறுபடியும் வந்துடுச்சா? எனக்கு யாருமே சொல்லலையே'ன்னு கேட்டாங்க."

ஸ்பேனர் அசையாமல் நின்றது.

"வீடுவரைக்கும் கூடப் போய், இல்லவே இல்லைன்னு சொன்னேன். என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, 'நீ சொல்லி நான் எப்படிப்பா நம்புறது?'ன்னுட்டாங்க. அதுவும் நியாயந்தானே? காலையில வந்து நீங்களே பாருங்கன்னேன். அவங்க எதைத் திருகினாலும் தண்ணி வரணும்னுதான் திறந்தேன்."

பனிக்குள் காலடி கேட்டது. குழுவினர் அல்லர். ஒரே ஓர் ஆளின் காலடி, நாலெட்டு வைத்து, நின்று, மறுபடி வைத்தது.

சிற்பி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். 'வெள்ளையருக்கு' என்ற பலகையின் கீழே சென்று, இரு கைகளாலும் ஏந்தி, பனியிலிருந்து வெளிப்பட்ட அந்தப் பெரியம்மாவின் கண்ணெதிரே வயிறாரக் குடித்தாள்.

"அப்படியொரு சட்டம் வரலைம்மா. நான் எழுதின பலகை இது. வாங்க, எதுல வேணும்னாலும் குடிங்க."

ஒன்பது மணிக்குக் குழு வந்தபோதும், வறண்டிருக்க வேண்டிய குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதைக் கேட்டவர் இல்லத்தில் நீர் வற்றாதிருக்க. அவர் வாசலுக்கு வந்தவர் நா வறளாதிருக்க.