மணி அடித்த பிறகும்

"தியானம் பண்ணப் பண்ண பொண்டாட்டி புள்ள மேல இருக்கற பாசம் விட்டுப்போயிடுமா டீச்சர்?"

தியான வகுப்பு நடத்தும் டீச்சரம்மா எத்தனையோ சந்தேகங்களைக் கேட்டவர். உட்கார்ந்ததும் தூக்கம் வருகிறதே, கால் மரத்துப்போகிறதே, சாப்பிட்டுவிட்டு உட்காரலாமா, நாற்காலியில் உட்கார்ந்தால் கணக்கில் சேருமா, கண்ணை மூடினால் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்றே நினைப்பு ஓடுகிறதே. எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. ஆனால் கேட்பதெல்லாம் உட்காருகிறவர்கள்தான். உட்காருகிறவனின் பெண்டாட்டி வேலையில் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்து, வராந்தாவில் நின்று கேட்பது இதுதான் முதல் தடவை.

பாசம் கூடத்தான் செய்யும், குறையாது என்றார் டீச்சரம்மா. அவள் நம்புகிற மாதிரி இல்லை. சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். குடும்பம் கோணினால் யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசித்துத்தான் இங்கே வந்திருந்தாள்.

புருஷன் இரும்புத் தகடு வெட்டும் பட்டறையில் வேலை செய்கிறான். முன்பெல்லாம் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், வீடு ரெண்டாகிவிடும். பக்கத்து வீட்டு ரேடியோவுக்காகச் சட்டைகூடப் போடாமல் சண்டைக்குப் போன மனுஷன். இந்த வகுப்பில் சேர்ந்த பிறகு அதே ரேடியோ அலறுகிறது, இவன் எருமை மேல் மழை பெய்த மாதிரி இருக்கிறான். வேலை விட்டு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, சுவரோரம் பாய் போட்டுக் கண்ணை மூடிவிடுகிறான். சாப்பிடக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. மகள் பள்ளிக்கூடத்துக் கதை சொன்னால் நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே சிரிப்பு. அவனாக வாய் திறந்து பேசுவதும் நின்றுபோய்விட்டது.

இதையெல்லாம் சொல்லும்வரை அவள் குரல் சமமாகத்தான் இருந்தது. அடுத்ததைச் சொல்லும்போதுதான் உடைந்தது.

"போன வாரம் பாப்பா கால்ல சுடுதண்ணி கொட்டிருச்சு. வீல்னு கத்தறா. நான் மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தவ விழுந்தடிச்சு ஓடி வர்றேன். இவரு ரெண்டடி தள்ளிக் கண்ணை மூடி உக்காந்திருக்காரு டீச்சர். பெத்த அப்பன்."

"அப்புறம்?"

"தோளைப் புடிச்சு உலுக்கினேன். முழிச்சுப் பாத்ததும் புள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு. அன்னைக்கு அவரு அழுத மாதிரி நான் பாத்ததே இல்ல. ஆனா மறுநாளும் பாயை எடுத்துப் போட்டுட்டாரு."

இது எங்கே போய் முடியும் என்று எதிர்வீட்டு அக்கா ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம். அக்காவின் சித்தப்பாவும் இப்படித்தான் ஆரம்பித்தார். முதலில் பாய், அடுத்து மௌனம், ஒருநாள் காலையில் ஒரு துணிப்பையோடு கிளம்பியவர்தான். சித்தி இன்றைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கேட்கக் கேட்க டீச்சரம்மாவின் முகத்தில் வருத்தம் வரவில்லை. ஒரு பூரிப்புத்தான் வந்தது. அவளை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார்.

உள்ளே கூடத்தில் மணி அடித்தது. எல்லோரும் கண்ணைத் திறந்து, சோம்பல் முறித்து, கொட்டாவி விட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். மூலையில் ஒருவன் மட்டும் அசையவில்லை.

"மணி அடிச்சா எனக்கே உடம்பு தூக்கிவாரிப் போடும்மா. இவருக்கு இமைகூட ஆடறதில்ல. பெருக்கறவங்க வந்து பாயை இழுத்தாத்தான் எழுந்திருக்கறாரு. இத்தனை வருஷத்துல இப்படி ஒருத்தரை நான் பாக்கல."

பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தார். இவனைப் பற்றித் தலைமையிடத்தில் சொல்லியாயிற்றாம். அங்கேயே தங்கிப் பயிற்சி எடுக்கவேண்டும், அதன் பிறகு ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் வேலை.

"அவரு ஒத்துக்கிட்டாரா?"

"போன வகுப்புலதான் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே தலையாட்டிட்டாரு."

அவள் செருப்போடு கூடத்துக்குள் போனாள். யாரும் தடுக்கவில்லை.

"எங்களை விட்டுட்டுப் போறதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?" அவன் முதுகைப் பார்த்துத்தான் கேட்டாள். அசைவில்லை. பாப்பாவிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டாள். அதற்கும் இல்லை.

சுற்றி வந்து எதிரில் உட்கார்ந்து முழங்காலைத் தொட்டாள். அவன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான். காலியான கூடத்தைப் பார்த்தான். அவள் அழுவதைப் பார்த்தான். பிறகு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போயிடாதீங்க" என்றாள்.

அவன் தலையாட்டப் போனான். பாதியில் நிறுத்தினான். வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்து, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னான்:

"யார்கிட்டயும் சொல்லிடாத, எனக்கு ரெண்டு காதும் சுத்தமாக் கேக்கல, பட்டறையில தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க, கண்ணை மூடி உக்காந்திருக்கறவன்கிட்ட மட்டுந்தான் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."